ஆடியில் சும்மா கிடக்கும் கேமராக்கள்

ஆடி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் முடிந்த கையோடு ஊரிலுள்ள வீடியோ கேமராக்களும் கிம்பல்களும் விளக்குகளும் பைக்குள் போய்விடும். புரட்டாசியும் மார்கழியும் இப்படித்தான். நான் கல்யாண வீடியோ எடிட்டர். திருவூடல் தெருப் பக்கம் ஒரு மாடி அறையில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு, செங்கம் ரோடு ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கும் கல்யாணங்கள் என் மேஜைக்கு வந்து, வெட்டி ஒட்டிய படமாகத் திரும்பிப் போகின்றன. வருஷத்தில் மூன்று மாதம் தூங்குகிற இந்தக் கருவிகளை வைத்து இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் படங்களை எடுக்க வேண்டும். சினிமாவில் சொந்தக் காலில் நிற்பதற்கு வேண்டிய முதல் தொழிலையும் முதல் கூட்டாளிகளையும் இங்கேயே தேடிக்கொள்ள வேண்டும். சென்னைக்கு வண்டி ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகு. இதுதான் என் கட்சி.

குறும்படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிற பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். காலேஜ் முடித்தவர்கள், பைனான்ஸ் கம்பெனியில் வசூலுக்குப் போகிறவர்கள், செல்போன் கடையில் நிற்கிறவர்கள். ஹார்டு டிஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு அவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, சென்னைல டைரக்டர் யாரையாவது தெரியுமாக்கா?" படம் எப்படி வந்திருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். சாலிகிராமத்தில் ஒரு ரூம், ஒரு உதவி இயக்குநர் வாய்ப்பு, அப்புறம் ஒரு தயாரிப்பாளர். இந்த வரிசையை யாரோ அவர்களுக்கு மனப்பாடம் செய்து கொடுத்துவிட்டார்கள். ஒரு போன் நம்பர் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறார்கள். அப்படி ஒரு நம்பரோடு போய் வடபழனியிலும் வளசரவாக்கத்திலும் வயசைக் கரைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமைக் குறைவு எதுவும் கிடையாது. கையில் கதை இருந்தது, வாடகை கொடுக்க ஒரு தொழில் இல்லை.

அந்த ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் முதல் ஷாட் அநேகமாக மலைதான். ட்ரோன் மெல்ல மேலே எழும்பும், ராஜகோபுரம் வரும், அதற்குப் பின்னால் அண்ணாமலை நிற்கும். கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். அடுத்ததாக இரண்டு பேர் பேசுகிற காட்சி. அங்கேதான் படம் விழுகிறது.

கிரிவலப் பாதையில் எடுத்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒருவன் பேசும்போது பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. மற்றவன் பதில் சொல்கிறான், பாட்டைக் காணோம். மறுபடி முதலாமவனுக்கு வந்தால் பஸ் ஹாரன். மூன்றையும் ஒட்டினால், ஒரே மரத்தடியில் நிற்கும் இருவரும் வேறு வேறு ஊரில் நிற்பதாகக் கேட்கிறது. பேசி முடித்ததும் எல்லோரையும் வாய் மூடச் சொல்லிவிட்டு அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியே பதிவு செய்திருந்தால் அந்த ஓட்டையை நான் அடைத்திருப்பேன். அதைத்தான் சவுண்டு ஆட்கள் அம்பியன்ஸ் என்கிறார்கள். அதற்குக் காசு செலவில்லை. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கோயிலைச் சுற்றி வசனக் காட்சி வைக்கக் கூடாது. லட்சக்கணக்கான ஜனமும் அவர்களை ஏற்றி வந்த பஸ்களும் பதினாலு கிலோமீட்டர் பாதையை நிரப்பியிருக்கும்போது எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆடியில் கருவி கிடைக்கும், கூடவே காற்றும் வரும். மைக்குக்கு உரோம உறை போடாமல் ஏந்தல் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ போய் எடுத்தால் வசனத்துக்கு மேல் காற்று இரைச்சல்தான் கேட்கும். இதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கெட்டுப்போன சத்தத்தைச் சரி செய்யச் சொல்லி என்னிடம் வந்த படங்கள் கற்றுக் கொடுத்தவை.

திருவண்ணாமலையில் டைரக்டர் ஆக ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஒழுங்காக பூம் பிடிக்கத் தெரிந்த ஆள்தான் தேடினாலும் கிடைப்பதில்லை. கார்த்திகைக்குப் பிறகு குளிர் மாதங்களில் ரமணாசிரமப் பக்கம் ஆவணப்படக் குழுவினர் வருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்களும் உண்டு, பெங்களூர், மும்பைக்காரர்களும் உண்டு. தீபத்துக்கு டி.வி. சேனல்கள் மொத்தமாக இறங்குகின்றன. இவர்கள் எல்லோருக்கும் இங்கே மொழி சொல்ல ஆள் வேண்டும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெளிச்சம் விழும் என்று தெரிந்த ஆள் வேண்டும், போலீஸ் ஸ்டேஷனிலும் அறநிலையத்துறை அலுவலகத்திலும் எந்தக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும், சத்தம் பதிவு செய்யத் துணைக்கு ஒரு கை வேண்டும். இந்த லோக்கல் கோஆர்டினேட்டர் வேலையை டீ வாங்கிவரும் வேலை என்று நம் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். அந்த வேலையில் ஒரு குழு எப்படித் திட்டம் போடுகிறது, கார்டை எப்படி அன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து வைக்கிறது, மழை வந்தால் என்ன செய்கிறது, பேட்டி கொடுக்கும் பெரியவரிடம் எப்படிப் பக்குவமாகப் பேசுகிறது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கையில் காசும் கிடைக்கும். அடுத்த வருஷம் அதே குழு வரும்போது கூப்பிடுவதும் அந்தப் பையனைத்தான்.

தமிழ் சினிமாவில் தன் இஷ்டத்துக்குப் படம் எடுத்தவர்களைப் பாருங்கள். எடிட்டர் பீ. லெனின் என் தொழில்காரர், ஆகவே அவரிடமிருந்து தொடங்குகிறேன். வி.டி. விஜயனோடு சேர்ந்து ஷங்கரின் 'காதலன்' மாதிரி பெரிய படங்களை வெட்டிய கை அது. அதே கை எந்த வியாபாரக் கணக்குக்கும் அடங்காத 'நாக்-அவுட்' குறும்படத்தை எடுத்தது. ஜெயகாந்தன் கதையை வைத்து எடுத்த 'ஊருக்கு நூறுபேர்' படத்துக்காக 2001ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநர் என்ற தேசிய விருதையும் பெற்றது. செழியனை எடுத்துக்கொள்ளுங்கள். 'கல்லூரி', 'தென்மேற்குப் பருவக்காற்று', 'பரதேசி' என்று ஒளிப்பதிவாளராக வேலை செய்தார். உலக சினிமா பற்றி எழுதினார். பிறகு, வாடகை வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தின் கதையை 'டு லெட்' என்று எடுத்தார். தயாரித்தவர் அவர் மனைவி. நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. 2019இல்தான் தியேட்டருக்கு வந்தது. அந்தக் காத்திருப்பைத் தாங்க அவரிடம் ஒளிப்பதிவு என்ற தொழில் இருந்தது. யாருடைய வாசலிலும் போய் நிற்காமல் தன் படத்தைத் தன் மனசுப்படி முடிக்கிற தெம்பு அந்தத் தொழிலில் இருந்துதான் வந்தது என்று நான் நினைக்கிறேன். சுயாதீன சினிமா என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். மாதச் சாப்பாட்டுக்கு ஒரு வழி இல்லாதவனுக்கு அந்தச் சுயாதீனம் எங்கிருந்து வரும்?

இனி தொடர்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் தேடுவது தங்களுக்கு மேலே இருப்பவரின் தொடர்பை. படம் எடுத்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், கூடவே நின்றவர்களின் தொடர்புதான் அவர்களைத் தூக்கியிருக்கிறது. 1986இல் வந்த 'ஊமை விழிகள்' அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் எழுதித் தயாரித்தார், அரவிந்தராஜ் இயக்கினார், கூடப் படித்தவர்களே கேமராவுக்குப் பின்னாலும் நின்றார்கள். சினிமாஸ்கோப்பில் பிரமாண்டமாகத் தெரிந்த அந்தப் படத்தின் அஸ்திவாரம் ஒரு வகுப்பறை நட்பு. 2009இல் கலைஞர் டி.வி.யில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலும் நடந்தது இதுவே. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் எல்லோரும் அங்கே குறும்படம் எடுத்தவர்கள். அந்தக் குறும்படங்களில் நடித்த முகங்கள்தான் பின்னால் 'பீட்சா'விலும் 'சூது கவ்வும்' படத்திலும் வந்தன. விஜய் சேதுபதியும் பாபி சிம்ஹாவும் அந்தக் காலத்தில் பெரிய பெயர்கள் அல்ல. வளராத நிலையில் ஒருவரை ஒருவர் நம்பிய ஒரு கூட்டம் அது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது, உன்கூட யார் இருக்கிறார்கள் என்பதுதான். சவுண்டு யார், கேமரா யார், கணக்குப் பார்ப்பது யார், நீ தப்பாக எடுத்தால் முகத்துக்கு நேரே சொல்வது யார்? நாலு பேர் இருந்தால் போதும். அந்த நாலு பேரும் ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்ய வேண்டும். இந்த ஆடியில் உன் படம், வருகிற மார்கழியில் அவன் படம். எல்லோரும் டைரக்டர் ஆக நினைக்கும் குழுவில் ஒருவன் தன் முறை வரும்வரை மைக்கைப் பிடித்து நின்றான் என்றால், அவன்மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் சினிமாவுக்கு வேர் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். செய்யாறு பக்கத்துப் புரிசை எங்கள் மாவட்டம். அந்த ஊர் நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து அசந்துபோன ந. முத்துசாமிதான் 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் அங்கே நடிகர்களுக்குக் கூத்துக் கற்றுக் கொடுத்தார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த் எல்லோரும் கூத்துப்பட்டறையில் பயின்றவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே நடிப்பைப் பார்த்தவர். 2016இல் வந்த 'ஜோக்கர்' படத்தை நினைத்துப் பார்க்கிறேன். நாயகன் குரு சோமசுந்தரம். ஒளிப்பதிவு செழியன். முக்கியமான ஒரு பாத்திரத்தில் எங்கள் ஊர் எழுத்தாளர் பவா செல்லதுரை. விடிய விடிய ஆடிய ஒரு கூத்தின் வெப்பம் எத்தனை கை மாறி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!

பவாவையும் 'முற்றம்' இலக்கியக் கூட்டங்களையும் சொல்லாமல் இந்த ஊரில் கலை உறவுகளைப் பற்றிப் பேச முடியாது. பாலுமகேந்திரா இந்த ஊருக்கு வந்திருக்கிறார், மிஷ்கின் வந்திருக்கிறார், எத்தனையோ எழுத்தாளர்கள் வந்து தரையில் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் வாய்ப்புக் கேட்காத இடம் என்பதால்தான் அங்கே உறவு உண்டாகிறது. பவாவின் 'ஏழுமலை ஜமா' கூத்துக்காரன் ஒருவனைப் பற்றிய சிறுகதை. இதே ஊரில் முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகசவின் மேடைகளையும் கலை இரவுகளையும் முன்னின்று நடத்திய, இன்று நம்மோடு இல்லாத எஸ். கருணா அதைக் குறும்படமாக எடுத்தார். உள்ளூர் எழுத்து, உள்ளூர் இயக்கம், உள்ளூர்க் கலை. 2024 ஆகஸ்டில் 'ஜமா' என்ற பெயரிலேயே ஒரு முழுநீளப் படம் தியேட்டருக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றில் பெண் வேஷம் கட்டும் ஒருவனின் கதை. பாரி இளவழகன் இயக்கி நாயகனாகவும் நடித்தார், இளையராஜா இசையமைத்தார். மீசையை எடுத்து அரிதாரம் பூசிக்கொள்ளும் அந்த மனிதர்களை நான் சின்ன வயசில் திரௌபதியம்மன் கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். ட்ரோனை மலைக்கு மேல் ஏற்றும் பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்தக் கதைகளை ஏன் பார்ப்பதில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜ் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. சின்ன வயசில் மதுரைப் பூ மார்க்கெட்டில் வேலை, பிறகு திருப்பூர் பனியன் கம்பெனி. சென்னையில் டி.வி.டி. கடையில் வேலை பார்த்துக்கொண்டே படங்களைப் பார்த்தார். புருஷன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே வந்ததுதான் அவருக்குள் படமானது. மதுரைப் பக்கத்துப் பொட்டல் காட்டில் ஓர் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் படம். 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, அந்த வருஷம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். இந்தப் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் விருதைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் அந்த டி.வி.டி. கடையைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். நாள் முழுக்கப் படம் பார்த்தவன் கண் வேறு. மூன்று நிமிஷ ரீல்ஸ் மட்டும் பார்க்கும் கண்ணால், ஒரு ஷாட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்ய முடிவதில்லை. என் மேஜையில் அது தினமும் தெரிகிறது.

விழாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாசா மாசம் இணையத்தில் மட்டும் நடக்கும் 'சர்வதேச' விழாக்கள் இருக்கின்றன. டாலரில் கட்டணம் கட்டினால் இலைமாலை போட்ட விருதுப் படம் மெயிலில் வரும். அந்த விருதுகளில் ஏழெட்டைப் போஸ்டரில் அடுக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்து என் வயிறு எரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் படத்தை ஒரு மனுஷர்கூட இருட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல லேப்பல் மைக் வாங்கியிருக்கலாம். அல்லது திருவனந்தபுரம் போயிருக்கலாம். கேரள அரசின் சலச்சித்ர அகாடமி அங்கே ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனியாக ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்குப் பஸ்ஸில் போய் ராத்திரி திருவனந்தபுரம் மெயிலைப் பிடித்தால் காலையில் எழுந்து, மத்தியானத்துக்குள் இறங்கிவிடலாம். உங்கள் படம் தேர்வாகாவிட்டாலும் போய் உட்காருங்கள். படம் முடிந்ததும் எடுத்தவரிடம் கேள்வி கேட்கலாம், பக்கத்து சீட்டுக்காரர் மறு வருஷம் உங்கள் ஒளிப்பதிவாளராக இருக்கலாம். சென்னையில் தமிழ் ஸ்டுடியோ அருண் மோ குறும்பட, ஆவணப்படக்காரர்களுக்கு லெனின் பெயரிலேயே விருது கொடுத்து, சுயாதீனப் படங்களுக்கு விழாவும் நடத்திவருகிறார். 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு நம் ஊரிலிருந்தே 50 ரூபாய் டிக்கெட்டில் ரயில் இருக்கிறது. படம் பார்க்கப் போவதற்கும் வருவதற்கும் இனி யாரும் காசைக் காரணம் சொல்ல வேண்டாம்.

விழாவுக்கு அனுப்பும் முன் மூன்று விஷயம் கேட்டுவிடுகிறேன். முதலாவது பாட்டு. சோகக் காட்சிக்கு இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டு வருகிறார்கள். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் ஒழுங்கான விழா எதுவும் அந்தப் படத்தைத் தொடாது. நம் ஊரில் நாதஸ்வரமும் பம்பையும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வாசிக்க வைத்து, உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரு பக்க ஒப்பந்தம். படம் யாருக்குச் சொந்தம், காசு வந்தால் எப்படிப் பிரிப்பது, டைட்டிலில் யார் பெயர் எந்த இடத்தில் வரும். நல்ல நண்பர்கள் டைட்டில் கார்டுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டதை இந்த அறையிலேயே பார்த்திருக்கிறேன். படம் எடுப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. மூன்றாவது, ஆங்கில சப்டைட்டில். வசனத்தை மெஷினில் போட்டு மொழிபெயர்த்துக் கொண்டுவருகிறார்கள். "போய்ட்டு வரேன்" என்பது "நான் போய்விட்டுத் திரும்புகிறேன்" என்று நிற்கும். செங்கம் ரோட்டில் வருஷக்கணக்காகத் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார்கள் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்களுக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிற்றூர் ஸ்டுடியோக்களில் ஆல்பம் டிசைனும் எடிட்டிங்கும் செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களைத்தான் நான் பார்க்கிறேன். கேமராவோடு வெளியே போகும் வண்டியில் அவர்கள் இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சத்தத்தில் அபாரமான காது. ஹெட்போனைப் போட்ட உடனே, எந்த அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். ஒரு ஆவணப்படக் குழு கூப்பிட்டபோது அவள் அப்பா கேட்டது, "ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவா?" அந்தக் கேள்வியில் தப்பில்லை. தப்பு அதற்குப் பதில் வைத்திருக்காத குழுக்களிடம்தான். பெண்ணை வேலைக்கு எடுக்கிறவர்கள் வண்டி, தங்கும் இடம், கூட இன்னொரு பெண், முடியும் நேரம் நாலையும் எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள். நானே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். குழுவும் எழுதிக் கொடுத்தது. அவள் போனாள். இப்போது தனக்கென்று ரெக்கார்டர் வைத்திருக்கிறாள்.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் எனக்கு இருக்கிறது. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி 1945இல் தொடங்கியது. குறைந்த கட்டணத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் என்று தனித்தனித் தொழிலாகக் கற்றுத் தரும் அருமையான இடம். அங்கே இடம் கிடைப்பது சில பேருக்குத்தான். புனே திரைப்படக் கல்லூரி 2017 முதல் தன் வளாகத்தை விட்டு வெளியே வந்து நாட்டின் பல ஊர்களில் குறுகிய காலப் படிப்புகள் நடத்துகிறது. நம் தரமணிக் கல்லூரியும் ஆசிரியர்களை மாவட்டங்களுக்கு அனுப்பலாம். முழுப் படிப்பு வேண்டாம். பத்து நாள் ஒலிப்பதிவு, பத்து நாள் சப்டைட்டிலும் எடிட்டிங்கும். மண்டபங்கள் பூட்டியிருக்கும் மாதமாகப் பார்த்து நடத்தினால் ஸ்டுடியோக்காரர்களும் வந்து கற்றுக்கொள்வார்கள், கருவியும் அவர்களே கொண்டுவருவார்கள்.

பண விஷயத்தில், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. நல்ல காரியம்தான். அது படம் முடிந்த பிறகு கிடைக்கும் பணம். முதல் படத்தை ஆரம்பிக்கவே வழியில்லாதவர்களுக்கு அது எட்டாது. கேரளத்தில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களையும் பட்டியலினத்து, பழங்குடி இயக்குநர்களையும் திரைக்கதையின் அடிப்படையில் தேர்ந்தெடுத்து, படம் எடுப்பதற்கே ஆளுக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்குகிறது. ஸ்ருதி சரண்யம் எடுத்த 'பி 32 முதல் 44 வரை' அப்படி வந்த படம். பக்கத்து மாநிலத்தில் நடக்கிற காரியம் இங்கே நடக்காது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் காத்திருக்காமல் இந்த வருஷமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் எடுத்த படத்தை இந்த ஊர் ஜனம் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம். தன் படம் ஓடும்போது எந்த இடத்தில் ஜனம் போனை எடுக்கிறது என்று பார்த்தவன் அடுத்த படத்தை வேறு மாதிரி எடுப்பான். மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அரசு கலைக் கல்லூரி அரங்கத்தையோ மாவட்ட நூலகத்தின் கூடத்தையோ இரண்டு மணி நேரம் திறந்து விட்டால் போதும். கல்யாணங்களுக்கு ஓட்டுகிற எல்.இ.டி. திரையையும் ஸ்பீக்கரையும் நாங்கள் கொண்டுவந்து கட்டிக்கொள்கிறோம், கரண்டுக்கும் காசு கட்டிவிடுகிறோம். விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று மாவட்ட நிர்வாகம் சொன்னால், திங்கட்கிழமை மனுநாளில் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.